யாரும் ஓட்டாமல் நகர்ந்த கார்

போன வருடம் ஐப்பசி மழை ஓய்ந்து, கண்மாய்கள் நிரம்பிக் கிடந்த சமயம் அது. திருவரங்குளம் பக்கம், தைலமரக் காட்டை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மாமனாரும் மாமியாரும்தான். மாமனாருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டதால் வாரம் இரண்டு முறை புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் ஏற்றி இறக்கினால் தாங்க மாட்டார். அதற்காகவே கைமாறி வந்த பழைய கார் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தோம். ஓட்டுவது நான்தான். அந்தக் கார் படுத்தால் அவரும் படுத்துவிடுவார், அதுதான் எங்கள் நிலைமை.

அதுவோ மாதத்துக்கு ஒரு தரம் படுத்தது. அந்த மாதம் ஹேண்ட் பிரேக் சுத்தமாகப் பிடிக்கவில்லை. டவுனில் பட்டறை வைத்திருப்பவர் என் கணவரோடு பள்ளியில் படித்தவர். என்ன பழுது, எவ்வளவு ஆகும் என்று நான் கேட்டால் பதில் எனக்கு வராது.

"ஒனக்கு எதுக்குத் தங்கச்சி இந்த வில்லங்கமெல்லாம். மாப்ளகிட்ட நான் பேசிக்கிறேன்" என்பார்.

பிறகு இரண்டு பேரும் வீடியோ காலில் பேசி முடிவெடுப்பார்கள். பணமும் அங்கிருந்தே வந்துவிடும். நடுரோட்டில் நிற்கிறவள் நான், எதை மாற்றுவது என்று தீர்மானிப்பது கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வேலை முடிந்து கையில் கொடுத்த பில்லில் 'ஹேண்ட் பிரேக் கேபிள் புதுசு' என்று தெளிவாக எழுதியிருந்தது. லீவரை இழுத்துப் பார்த்தேன், விறைப்பாக நின்றது. நிம்மதியாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

சில நாள் கழித்து, காலையில் கோலம் போட வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் முருங்கைமரத்துக்கு நேராக நிறுத்திய கார், கேட்டை முட்டிக்கொண்டு நின்றது.

"ராத்திரி வண்டிய எடுத்தியா?" என்று மாமியார் கேட்டார். சாவி என் தலைமாட்டில்தான் இருந்தது.

நான்தான் சரியாக நிறுத்தவில்லை போலும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அடுப்படி ஜன்னல் வழியாக என் கண்ணாலேயே பார்த்தேன். காற்றில்லை. வாசலில் ஆளில்லை. கார் மெல்ல ஒரு சாண் நகர்ந்து, ஏதோ யோசித்த மாதிரி நின்றது. சத்தமே இல்லை. கையில் இருந்த கரண்டியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, தாளிப்பு கருகின வாடைதான் என்னை எழுப்பியது.

பட்டறைக்குப் போன் போட்டேன். "புதுக் கேபிளாச்சே தங்கச்சி. நீ முழுசா இழுத்திருக்க மாட்டே" என்றார்.

முழுசாகத்தான் இழுத்திருந்தேன். அன்றிலிருந்து வண்டியை நிறுத்தியதும் கியரில் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டக் கொடுத்தேன்.

மாமியார் சும்மா இருப்பாரா? வண்டி வாங்கிக் கொடுத்த புரோக்கரைப் பிடித்து உலுக்கியதில் ஒரு சங்கதி வெளியே வந்தது. முதலில் அந்தக் காரை வைத்திருந்தவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் மேலேயே சாய்ந்துவிட்டாராம்.

அதைக் கேட்ட பிறகு அந்த சீட்டில் உட்காரும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிட்டது. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியை நான் திருப்பி வைத்தபடி இல்லாமல் வேறு யாருடைய உயரத்துக்கோ மாறியிருப்பது போலவே தோன்றும். தைலமரக் காட்டைக் கடக்கும்போது பின் சீட்டில் மாமனார் கண்ணயர்ந்துவிட்டால் போதும், சத்தமாக எதையாவது பேசிக்கொண்டே ஓட்டுவேன். சிரிப்பாகத்தான் இருக்கும். பேய் பிசாசை நம்பாதவள் நான். ஆனால் பில்லை நம்பினேன். பில் உண்மையென்றால் பிரேக் புதுசு, பிரேக் புதுசென்றால் வண்டியை நகர்த்துவது யார்? பில்லை நம்பியதால் பேயையும் நம்ப வேண்டியதாகிவிட்டது.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கண்மாய்க்கரை ஐயனார் கோயிலுக்கு, வண்டிக்குப் பூசை போடப் போனோம். கரையிலிருந்து கோயிலுக்கு இறங்கும் சரிவில், சாமியைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். வலப்பக்கம் தளும்பத் தளும்பத் தண்ணீர். வண்டிக்கும் தண்ணீருக்கும் நடுவில், எந்தக் காலத்திலோ நேர்ந்துவிட்ட மண்குதிரைகள் காலும் தலையும் உடைந்து குவியலாகக் கிடந்தன. பூசை முடிந்ததும் உடனே ஓட்ட வேண்டியதுதானே என்று கியரில் போடவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கல்லை மட்டும் வைத்தேன். நடக்க முடியாத மாமனார் பின் சீட்டிலேயே இருந்தார்.

பூசாரி வந்து வண்டிக்குப் பொட்டு வைத்தார். முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தவர், "கல்ல எடுத்துரலாம்த்தா. பழந்தான் இருக்கணும்" என்று கல்லை உருட்டி ஓரமாகப் போட்டார்.

சூடம் ஏற்றி வண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சாமியிடம் திரும்பினார். நாங்களும் திரும்பிக் கும்பிட்டோம். மணிச்சத்தம் நின்றது. அந்த அமைதியில் முதுகுக்குப் பின்னால் பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. மெத்தென்ற சின்னச் சத்தம்தான்.

திரும்பிப் பார்த்தேன். ஓட்டுகிற சீட்டில் ஆளில்லை. இன்ஜின் ஓடவில்லை. கார் மெதுவாக, மிக மெதுவாக வந்துகொண்டிருந்தது. பூசாரி கையில் தட்டோடு விலகி நின்று, "அய்யா ஏத்துக்கிட்டாரு" என்றார். மாமியார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். திறந்திருந்த ஜன்னலில் மாமனார் முகம் தெரிந்தது. அவரும் கும்பிட்டபடி புன்னகையோடு எங்களைக் கடந்து போனார்.

நானும் கும்பிட்டேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் கை கூப்பி நின்றேன், உடம்பு முழுக்கப் புல்லரித்தது. முன் சக்கரம் வலப்பக்கம் ஒடித்திருந்ததைக் கண்டபோதுதான் புத்தி வந்தது. கார் சாமியிடம் போகவில்லை, தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது.

கத்திக்கொண்டே ஓடினேன். கதவைப் பிடித்தேன், திறக்குமுன் அது என்னையும் இழுத்துக்கொண்டு வேகம் பிடித்தது. செருப்பு கழன்று சேற்றில் விழுந்தேன். அடுத்த நொடி சட்டிபானைகளை மொத்தமாகப் போட்டு உடைத்த மாதிரி ஒரு சத்தம். உடைந்த குதிரைகளின் மேல் ஏறி, அடியில் சிக்கிக்கொண்டு கார் நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒரு ஆள் நீளத்துக்குத்தான் கரை.

"பாத்தியா ஆத்தா, அய்யா குதிரைய விட்டு நிப்பாட்டிட்டாரு" என்றார் மாமனார், அதே சிரிப்போடு. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவரை இறக்கி உட்கார வைத்துவிட்டு, கீழே சிக்கிய மண்கால்களை உருவக் குனிந்தேன். பின் சக்கரத்துக்குப் போகும் ஹேண்ட் பிரேக் கேபிள் கண்ணில் பட்டது. துருவேறிய பழைய கேபிள். நூல் பிரிந்த இடத்தில், வேலிக்குச் சுற்றுகிற கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சு பாதி நழுவியிருந்தது. எங்கள் வீட்டு வாசலும் கேட்டைப் பார்த்துச் சரிவுதான். எனக்குள் இருந்த பேய் அந்த இடத்திலேயே இறங்கிப் போயிற்று. அதற்குப் பதிலாக வந்தது வேறு.

ஊர்க்காரர்கள் வந்து வண்டியைத் தூக்கிவிட்டார்கள். கால் பிரேக் நன்றாகத்தான் இருந்தது. இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டு, சேற்றுச் சேலையோடு நேராகப் பட்டறைக்குப் போனேன். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். "புதுசுன்னு பில்லு போட்டீங்களே, ஒரு உசுரு போயிருந்தா நீங்க வந்து தருவீங்களா?" என்றேன். அவர் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். பேசாமல் இரு என்று சைகை காட்டிவிட்டு, போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

என் கணவரின் குரல் கேட்டது. "என்ன மச்சான், மறுபடியும் கேட்டாளா? கேபிள் மாத்தலேன்னு அவளுக்குத் தெரியலேல்ல?"

வண்டி தானாக நகர்ந்ததைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படிப் பயமாக இருக்கவில்லை. அத்தனை வருடம் கேட்ட குரல், யாரோ ஓர் ஆளின் குரல் மாதிரி இருந்தது.

"தெரிஞ்சிருச்சுங்க" என்றேன். "வண்டி கண்மாய்க்குப் போச்சு. உள்ள ஒங்கப்பா இருந்தாரு."

"அப்பா இருக்காருல்ல?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அவர் அழுததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கம்பெனியில் மாதக்கணக்கில் சம்பளம் போடவில்லையாம். அப்பாவின் மருந்துக்கே கைமாற்று வாங்கித்தான் அனுப்பிக்கொண்டிருந்தாராம். இப்போதைக்கு ஒட்டுப் போட்டுக் கொடு, லீவில் வந்து மாற்றிக்கொள்கிறேன், அவளிடம் புதுசு என்றே சொல்லிவிடு, இல்லாவிட்டால் என் கதை தெரிந்துவிடும் என்று நண்பரிடம் கெஞ்சியிருக்கிறார்.

"நான் கட்டி விட்டிருக்கக் கூடாது தங்கச்சி. நீ போன் பண்ணப்பவாச்சும் சொல்லியிருக்கணும்" என்றார் பட்டறைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். அன்று இருட்டுவதற்குள் புதுக் கேபிள் போட்டுக் கொடுத்தார். பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மாமனாரிடம் நான் எதையும் சொல்லவில்லை. டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களிடம் ஐயனார் குதிரை விட்ட கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகனுக்குச் சம்பளம் வந்ததும் புதுக்குதிரை ஒன்று செய்து வைக்க வேண்டும் என்கிறார். எனக்கும் அதில் மறுப்பில்லை. இப்போதெல்லாம் கணவர் போனில் "இங்க ஒண்ணும் குறையில்ல" என்று சொன்னால் நான் வைத்துவிடுவதில்லை, திரும்பக் கேட்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து நிஜம் வருகிறது.

காலையில் கோலப்பொடியோடு வாசலுக்கு வரும்போது, கார் எங்கே நிற்கிறது என்றுதான் இன்றும் என் கண் முதலில் பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத யாரோ அதைத் தள்ளுகிறார்கள் என்று நாங்கள் பயந்தது முழுப் பொய்யில்லை என்று அப்போது தோன்றும். தள்ளிய ஆள் செத்துப்போனவர் இல்லை, சம்பளமில்லாததை எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தூர தேசத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவர்.