எதிர்ப்பக்கத்திலிருந்து வாசித்தவள்

ஒவ்வொரு டிசம்பரிலும் அப்பா திருத்தங்கலிலிருந்து எனக்கு ஒரு நாட்காட்டி அனுப்புவார். சென்னையில் கிடைக்காததா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். இந்த வருடமும் கூரியரில் வந்தது. சுருட்டிய நாட்காட்டிக்கு மேல், பரணில் சேர்த்து வைத்திருக்கும் பழைய அச்சுத் தாள் ஒன்றைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார். பிரித்ததும் மை வாசனை. இத்தனை வருடம் கழித்தும் லேசாக இருந்தது. அந்த வாசனை எனக்குப் பசியைக் கிளப்பும். அச்சகத்தில் வெட்டும் இயந்திரம் ஓட்டிய அப்பா அந்த வாசனையோடு வந்து உட்கார்ந்தால்தான் எங்கள் வீட்டில் சோற்றுப் பானை திறக்கும்.

நாட்காட்டியை விட்டுவிட்டு அந்தத் தாளைத்தான் மேசையில் விரித்தேன். தீப்பெட்டி லேபிள்கள். ஒரே மயில் வரிசை வரிசையாக நின்றது. ஒவ்வொரு மயிலுக்குக் கீழேயும் நாலு வரி எழுத்து. தாளின் மேல் பாதி நேராக இருந்தது, கீழ்ப் பாதி தலைகீழாக. அச்சுக்கும் வெட்டுக்கும் அதுதான் வசதி என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

தலைகீழ் மயிலைப் பார்த்ததும் மாரீஸ்வரி வந்துவிட்டாள். வராமல் இருந்தால் நல்லது என்று நான் நினைக்கும் நினைவுகளில் அவளுக்குத்தான் முதல் இடம்.

இரண்டாயிரத்துச் சொச்சம். கணினி அறிவியல் படித்து முடித்திருந்தேன். பெங்களூர் போவதற்கு முன் கைக்குக் கிடைத்த வேலை ஓர் ஆராய்ச்சிக் குழுவில். தீப்பெட்டி வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக அப்போது நடந்துவந்த சிறப்புப் பள்ளிகளில், வகுப்பறைக்குள் வாசிப்பு எப்படி வருகிறது என்று அவர்கள் பார்த்தார்கள். என் வேலை விவரங்களைக் கணினியில் ஏற்றுவது. ஆள் போதவில்லை என்றதும் சோதனை வைக்கவும் என்னையே அனுப்பினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. பட்டியல் இல்லாமல் எனக்கு எதுவும் ஓடாது. ஊருக்குப் போகும் பைக்குப் பட்டியல், திரும்பும் பைக்குத் தனிப் பட்டியல். பெண் பார்க்க வந்தவரிடம் கேட்கவும் ஒன்று வைத்திருந்தேன். அதில் பாதியைக் கேட்காமல் விட்டது வேறு கதை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆராய்ச்சியின் முன்னுரையைத் தட்டச்சு செய்தது நான்தான். ஒரு பிள்ளை தனியாகத் தன் தலைக்குள் வாசிக்கக் கற்பதில்லை. வீட்டிலும் தெருவிலும் பிறரோடு சேர்ந்து ஏதோ ஒரு வேலை செய்கையில், அந்த வேலையின் வழியாகவே எழுத்து அவளுக்குப் பழகுகிறது. அங்கே என்ன பழகினாள் என்று தெரியாமல் வகுப்பறையில் அவளை அளக்க முடியாது. ஏழு பக்கத்துக்கு இதையேதான் பேராசிரியர்கள் எழுதியிருந்தார்கள். நான் ஓரம் சரிசெய்து, பத்தி பிரித்து, ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். பாராட்டினார்கள். வாசித்தேனா என்று யாரும் கேட்கவில்லை.

ஏழாயிரம்பண்ணை தாண்டி ஒரு கிராமம். ஓட்டுக் கட்டடத்தில் ஒரே வகுப்பு, முப்பது பிள்ளைகள், ஜெயா டீச்சர். நான் வராண்டாவில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பத்துக் கேள்வி. முதல் கேள்வி: புத்தகத்தை நேராகப் பிடிக்கிறாரா? இல்லை என்றால் அத்துடன் நிறுத்தி, மற்ற கட்டங்களில் கோடு போட வேண்டும்.

பதினேழாவதாக வந்தாள் மாரீஸ்வரி. வயது பதினொன்று. எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, நகக்கண்ணில் காய்ந்த பசை. புத்தகத்தைக் கொடுத்தேன். வாங்கியதும் தலைகீழாகத் திருப்பினாள். நான் நேராக்கிக் கொடுத்தேன். மறுபடியும் திருப்பினாள்.

"நேரா பிடிம்மா."

நேராகப் பிடித்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கை தானாகப் புத்தகத்தைத் திருப்பப் போனது. நான் வாங்கி மூடிவிட்டேன்.

"நான் இன்னும் வாசிக்கலையே, அக்கா."

"போதும். அடுத்த ஆள வரச் சொல்லு."

முதல் கட்டத்தில் 'இல்லை'. மற்ற ஒன்பதிலும் அளவுகோல் வைத்துக் கோடு. கடைசியில் 'வாசிப்பு: இல்லை'. என் தாள்களில் அடித்தல் திருத்தல் இருக்காது.

இடைவேளையில் டீ குடிக்கும்போது அதை டீச்சரிடம் சிரிப்பாகவே சொன்னேன்.

"பதினோரு வயசாச்சு, புத்தகத்த எப்படிப் பிடிக்கணும்னே தெரியல, டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. "மாரீஸ்வரியா? அங்கன பாருங்க."

சுவரோரம் தரையில் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. அதற்கு முன்னால் மூன்று பிள்ளைகள். மாரீஸ்வரி புத்தகத்துக்கு அந்தப் பக்கம், அவர்களுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வாசிக்க வாசிக்க மூவரும் திருப்பிச் சொன்னார்கள். அவள் விரல் வலமிருந்து இடமாக ஓடியது. அவளுக்குத்தான் அது வலமிருந்து இடம். எதிரே இருந்தவர்களுக்கு வரி சரியாகவே நகர்ந்தது.

"ஏலே, எழுத்தப் பாரு, என் மூஞ்சியப் பாக்காத!" என்று ஒருவன் தலையில் தட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

டீச்சர் சொன்னார்: "அவ அக்கா வீட்டுல தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும். இவ எதுத்தாப்புல உக்காந்து பசை தடவிக் குடுப்பா. லேபிள் அக்காளப் பாத்துத்தான் இருக்கும். அக்கா ஒவ்வொரு எழுத்தா சொல்லிக்கிட்டே ஒட்ட, இவ இந்தப் பக்கமிருந்தே அம்புட்டையும் படிச்சிட்டா. நேரா வச்சா திணறுவா. கொஞ்ச நாள்ல சரியாயிரும். அந்தக் கட்டத்த மட்டும் மாத்திப் போட்டுருங்களேன்."

"ஒரு தடவ போட்டா மாத்தக்கூடாது, டீச்சர்."

"இந்த லிஸ்ட வச்சுத்தான் சூன்ல ஆறாப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் அனுப்புவாக. அவ அம்மா இந்த ஒரு வருசம்தான் பாக்கும். இல்லன்னா பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிரும்."

அந்தத் தாளின் அடியில் 'குறிப்பு' என்று இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடம் இருந்தது. அதில் எழுதுவது விதிமீறல் இல்லை. எழுதத்தான் அது இருந்தது. நான் எழுதவில்லை. அதற்கு என்ன காரணம் சொல்ல? திருத்தங்கல்காரி நான். அப்பா தினத்தாள் வாசிக்கும்போது எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபடி தலைப்புச் செய்திகளைத் தலைகீழாகவே வாசித்து வளர்ந்தவள். லேபிள் ஒட்டாத வீடு எங்கள் தெருவில் நாலோ ஐந்தோதான். வெளியூரிலிருந்து வந்தவளுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும். தெரிந்ததை எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு வந்ததைத்தான் அன்றைக்குப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடித்தல் இல்லாத அவள் தாளை எடுத்து மற்றவற்றோடு அடுக்கினேன்.

ஆகஸ்டில் இரண்டாம் சுற்றுக்குப் போனேன். பதினேழுக்கு ஆள் இல்லை. "கம்பெனிக்குப் போறா," என்றார் டீச்சர், பதிவேட்டைப் பட்டென்று மூடியபடி. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவர் வீட்டிலேயே தங்கச் சொன்னார். கருவாட்டுக் குழம்பு வைத்தார். கோபத்தோடு வைத்த குழம்பு அவ்வளவு ருசியாக இருந்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

காலையில் முதல் பஸ் வரவில்லை. கம்பெனி தாண்டி மெயின் ரோட்டில் இறக்கிவிடச் சொல்லி டீச்சர் என்னைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார். எதிரெதிராக இரண்டு நீளப் பலகை, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்.

"ஏட்டி, நகருங்க. கம்ப்யூட்டர் டீச்சர் வாராக. சேலையில வெள்ளி மருந்து ஒட்டிரப் போவுது!"

"ஒட்டுனா என்ன? தீவாளிக்கு நம்ம கூடச் சேந்து மினுங்கட்டும்."

வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தபடி உட்கார்ந்தேன். எதிரே மாரீஸ்வரி. மடியில் தூக்குவாளி, பக்கத்தில் அவள் அம்மா.

அவளைப் பார்க்காமல் இருக்க எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கோப்பைத் திறந்து பழைய தாள்களைப் புரட்டினேன். எதிரே இருந்து வாசிக்கக்கூடிய பிள்ளை அந்தப் பக்கத்திலேயே அவள் ஒருத்திதான் இருந்திருப்பாள். அவள் முன்னால், அவள் தாளையே விரித்து வைத்துக்கொண்டேன்.

"பதினேழு. மாரீஸ்வரி. வயது பதினொன்று," என்று தடங்கல் இல்லாமல் வாசித்தாள். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீகளா? எப்படி வாசிக்கான்னு பாருங்க. பெறகு என்ன போட்டிருக்காம், வாசி."

"வாசிப்பு: இல்லை."

"என்னது இல்லையாம்?"

"வாசிப்பு."

ஏதோ வேடிக்கை என்று இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். மாரீஸ்வரி இன்னும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்ததுல எல்லாம் கோடு போட்டிருக்கீகளே, அது என்னக்கா?"

"கேக்காத கேள்வி."

"கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."

அவள் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு விவரம் தெரியாமல் போயிற்றே என்பதைப் போலச் சொன்னாள். கம்பெனி வாசலில் மற்றவர்களோடு அவள் இறங்கியபோது கூட, "வாரேன்க்கா" என்றாள்.

அன்றே குறிப்பு எழுதினேன். என் கையெழுத்தில் ஒரு பக்கம். ஆறாம் வகுப்புக்கான பட்டியல் அதற்கு இரண்டு மாதம் முன்பே போய்விட்டது. புதிதாகச் சேர்க்க வழியுண்டா என்று கேட்டுக் கடிதம் போட்டேன். பதில் வருவதற்குள் பெங்களூர் வேலை வந்தது, போய்விட்டேன். அதன் பிறகு அவளைத் தேடவில்லை. தேடியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான்.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. டீச்சர் எங்கே இருக்கிறாரோ. தீப்பெட்டிக்கு யாரும் வீட்டில் லேபிள் ஒட்டுவதில்லை, அட்டையிலேயே அச்சாகி இயந்திரத்தில் மடிந்து வருகிறதாம். வேன்களில்கூட எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து உட்காரும் சீட்டு வந்துவிட்டது என்று அப்பா சொன்னார். எதிரே உட்கார்ந்து எழுத்துப் படிக்க அங்கே இனி ஒரு பிள்ளைக்கும் இடமில்லை.

மேசையில் தாள் அப்படியே கிடந்தது. நான் எழுந்து மறுபக்கம் போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கீழ்ப் பாதியில் ஒரு மயிலைப் பிடித்து வாசிக்கப் பார்த்தேன். விரலை வலப்பக்கம் வைத்து இடப்பக்கம் நகர்த்தினேன். சின்ன வயதில் எனக்கு வந்தது இது. முதல் எழுத்தில் நின்றேன். இரண்டாவதில் திணறினேன். மூன்றாவதில் என் கை தானாகத் தாளைத் திருப்பப் போனது.