ராகு காலத்தில் வென்ற டசன்

போன சனிக்கிழமை நான் என் அண்ணையைத் தோற்கடித்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நினைக்கவேயில்லை. இந்த வாரம் கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை இங்கே மிச்சம் (Mitcham) என்ற ஊரில் இருக்கிறார். பத்தொன்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறார். சில மாதங்களுக்கு முன் கூட வேலை செய்யும் ஒருவர் அவருக்கு ரூலெட் விளையாட்டைப் பற்றிச் சொல்லி ஆசையைக் கிளப்பிவிட்டார். நல்ல காலம், அண்ணை உடனே கசினோவுக்கு ஓடவில்லை. கவனமான மனிதர் அல்லவா? முதலில் ஒரு சிஸ்டம் கண்டுபிடித்தார்.

சிஸ்டம் இதுதான். சக்கரத்தில் ஒரு பூச்சியம், பிறகு ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை எண்கள். பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால் மூன்று டசன். ஒரு டசனில் ஒன்று வைத்து வென்றால் இரண்டு லாபம். அண்ணை சும்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பார். ஏதாவது ஒரு டசன் தொடர்ந்து ஐந்து சுற்று வராவிட்டால், ஆறாவது சுற்றில் அதில் ஒன்று கட்டுவார். தோற்றால் மறுபடி ஒன்று. பிறகு இரண்டு, மூன்று, நாலு, ஆறு, ஒன்பது... என்று ஏற்றிக்கொண்டே போவார். எப்போது வென்றாலும் போனதெல்லாம் திரும்பி வந்து, மேலே கொஞ்சம் மிஞ்சும்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது — மச்சாள் போன் எடுக்கும் வரை.

மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. அண்ணை வேலையை விடுவதாகக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறார், இனிமேல் டசன்தான் அவருடைய தொழிலாம் என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் சொல்லி ஏலாது. நீ ஒருக்கா வந்து கதை."

எங்கள் வீட்டில் அண்ணையை எதிர்த்துக் கதைக்கிற வழக்கம் இல்லை, அதுவும் தங்கச்சிக்கு. அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் அன்று வெள்ளிக்கிழமை, நடுவில் இருந்தது இரண்டே நாள். வேலை முடிந்த கையோடு டிராம் ஏறிப் போனேன்.

அண்ணை சந்தோஷமாக வரவேற்றார். சாரிட்டிக் கடையில் வாங்கிய சின்ன ரூலெட் சக்கரத்தைக் காட்டினார். பிறகு ஒரு தடித்த கொப்பியை நீட்டினார். நாற்பது நாள் சோதனையாம். நாள், நேரம், எண், கட்டியது, வென்றது — எல்லாம் மணி மணியான எழுத்தில். நாற்பது நாளும் லாபம்! ஒரு நாள்கூட நட்டம் இல்லை.

நான் ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். அங்கே பிழையான முடிவையும் அழிக்கக் கூடாது. ஒரு கோடு கிழித்து, ஏன் கிழித்தோம் என்று எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். அதனால் கோடு கிழித்த இடங்களில்தான் என் கண் முதலில் போகும். அண்ணையின் கொப்பியில் எக்கச்சக்கமான கோடுகள்.

ஏன் என்று கேட்டேன். அவை கணக்கில் சேராது என்றார். சில சுற்றுகள் ராகு காலம். சில எமகண்டம். ஒரு முழுநாள் கரிநாள். பெரிதாகத் தோற்றபோதுதான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தாராம். பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கூடாத நேரம் இருந்ததாம். கசினோவுக்கு நல்ல நேரம் பார்த்துத்தானே போவார்... ஆகவே அந்தத் தோல்விகள் செல்லாது!

நான் பக்கங்களைப் புரட்டினேன்.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூண்டரை. அது ராகு காலம்தானே?"

"ஓம்."

"அதில நீங்கள் வெண்டிருக்கிறியள். அதை ஏன் வெட்டேல்லை?"

அண்ணை கொப்பியை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வென்ற சுற்று ஒன்றின் மேல்கூட கோடு இல்லை.

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்ன? டிரைவிங் டெஸ்டில் பாஸானால் நம் திறமை. பெயிலானால் அன்றைக்கு அட்டமி. ராகு பாவம், வாய் திறந்து மறுப்புச் சொல்ல முடியாதவர்.

இருந்தாலும் அண்ணை விடவில்லை. சிஸ்டம் சரி, கொப்பிதான் பிழை என்றார். அப்படியானால் ஒரேயொரு சோதனை என்றேன். சுப நேரத்தை அவரே பார்க்கட்டும். காசுக்குப் பதில் கடலை; நூறு கடலை அவருக்கு முதல். முந்நூறு சுற்று. எழுதுவது நான், வெட்டு இல்லை. அவர் வென்றால் கடிதத்தை நானே டிப்போவில் கொண்டுபோய்க் கொடுப்பேன். சிஸ்டம் கேட்கும் அளவு கட்டக் கடலை போதாமல் போனால் தோல்வி; தோற்றால் கடிதத்தைக் கிழித்துவிட வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை, பதினொரு மணிக்குத் தொடங்கினோம். இருநூறாவது சுற்றில் அண்ணையிடம் நூற்றியிருபத்தாறு கடலை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மச்சாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு நடு டசன் காணாமல் போனது.

ஐந்து சுற்று வரவில்லை. அண்ணை ஒன்று கட்டினார். வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பது கட்டினார், பதினாலு கட்டினார், இருபத்தொன்று கட்டினார். மச்சாள் கறியை அடுப்பில் விட்டுவிட்டு வந்து நின்றார். முப்பத்தொன்று கட்டினார். பந்து உருண்டு போய்ப் பூச்சியத்தில் விழுந்தது. பூச்சியம் எந்த டசனுக்கும் சொந்தமில்லை. அடுத்ததுக்கு நாற்பத்தேழு வேண்டும். மிச்சம் இருந்தது முப்பத்துநாலு.

அண்ணை கேட்டதால் இன்னொரு தடவை சுற்றினேன். பதினேழு. நடு டசன்!

அவர் என்னைப் பார்த்தார்.

"வந்தது அண்ணை," என்றேன். "ஆனா வைக்க உங்களிட்டை நாப்பத்தேழு கடலை இல்லை."

பிறகு அண்ணை எழுந்துபோய்க் கடிதத்தைக் கொண்டுவந்து நாலாகக் கிழித்தார். மச்சாள் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கோ எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை வேண்டுமென்றே அவர் ஓட்டும் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். யூனிபோமோடு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸுக்குப் பின்னால் வாகனங்களின் வரிசையே நின்றது. ஏறினேன்.

"முதல்ல இரு, தங்கச்சி. பிறகு பஸ்ஸை எடுக்கிறன்."

பஸ்ஸுக்கு இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் காசு கொடுத்ததில்லை.