டேப் ஒட்டிய பொத்தான்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு கதை சொல்கிறேன். கதை என்று சொன்னாலும் இது என் கண் முன்னால் நடந்தது. கூட்டிச் சொல்லவில்லை, குறைக்கவும் இல்லை. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழங்காநத்தத்தில் எங்கள் மாடியில் சூரியபிரகாஷ் வாடகைக்கு இருந்தான். சோழவந்தான்காரன். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் கம்ப்யூட்டர்தான். அதற்குள் ஓர் உலகத்தையே உண்டாக்கி வைத்திருந்தான். கடுகு கடுகாக வெள்ளைப் புள்ளிகள். அவை தாமாகவே புல் தேடித் தின்னும், குட்டி போடும், சாகும். யாரும் ஆட்டிவைப்பதில்லை. ஒன்று மட்டும் சிவப்பு.

“அது நாந்தான் சாச்சி. அங்கயும் எனக்குப் பொண்ணு அமையல” என்பான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் போல அவனும் என்னைச் சாச்சி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவான்.

அந்த மே மாதம் உள்ளேயும் வறட்சி. புள்ளிகள் காய்ந்து விழுந்துகொண்டே இருந்தன. மழைக்குக் கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. கை தவறிக்கூடப் படக்கூடாதென்று அதன்மேல் டேப் ஒட்டிவிட்டான்.

“ஒரு சொட்டு விட்டா என்னப்பா?”

“கை வச்சா அது உலகம் இல்ல சாச்சி. மீன்தொட்டி.”

2024, மே 9, வியாழக்கிழமை. வேலைக்குப் போகும்போது சாவியைக் கொடுத்தான்.

“மத்தியானம் ஃபேன் ஓடுதான்னு மட்டும் பாருங்க. மெஷின் சூடாயிரும்.”

மதியம் 1.40க்கு மாடி ஏறினேன். ஃபேன் ஓடியது. திரையில் ஒன்பதே புள்ளிகள் மிச்சம். சிவப்பு அசையவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. டேப்பை உரித்தேன். ஒரே ஒரு தடவை அழுத்தினேன்.

மழை பெய்தது. எல்லாம் குடித்தன, சிவப்பும்தான். பிறகு... நின்றன. ஒன்றுகூடப் புல்லுக்குப் போகவில்லை. திரையின் ஓரத்துக்கு வந்து வரிசை கட்டின.

நான் இடப்பக்கம் நகர்ந்தேன்.

வரிசையும் நகர்ந்தது.

2.05. மழை நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். நிற்கவில்லை. வெள்ளைப் புள்ளிகள் எட்டும் சேர்ந்து ஒரு பள்ளம் பறித்தன. அதில் மழைத் தண்ணீர் நிறைந்ததும் சிவப்பை உள்ளே தள்ளின. மழை கொடுத்த கைக்குக் காணிக்கை கொடுப்பதுபோல...

2.11. போன் போட்டேன்.

“எங்கப்பா இருக்கே?”

“டீக்கடையில சாச்சி. வெயில் கொளுத்துது.” இருமினான். “தண்ணி சத்தம்... உங்களுக்குக் கேக்குதா?”

கேட்டது.

களக்... களக்...

சுவிட்சில் கை வைத்தேன். அணைத்தால் அவனும் அணைந்துவிடுவானோ? அணைக்காவிட்டால்?

“சாச்சி... மூச்சு...”

கை அங்கேயே இருந்தது.

2.17.

சிவப்பு இல்லை.

போனில் பேச்சில்லை.

எட்டு வெள்ளைப் புள்ளிகளும் மெல்லத் திரும்பி, புல் மேயப் போயின.

பத்தாம் நாள் அவன் அக்கா தாமரைச்செல்வி சாமான் எடுக்க வந்தாள்.

“டீக்கடை பெஞ்சுல உக்காந்த வாக்குலயே போயிட்டான் சாச்சி. நெஞ்சு நிறையத் தண்ணியாம். முங்கிச் செத்த மாதிரின்னு சொல்றாக டாக்டரு. சட்டை கூட நனையல. அங்கிட்டு ஒரு வாய்க்கா கூடக் கெடையாதே.”

டேப்பைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் குடம் என்றும் நிறைந்திருக்கட்டும். வெளியே போன உங்கள் பிள்ளைகளை அல்லாஹ் மூச்சோடு வாசல் சேர்க்கட்டும்.