சிவப்புக் கோட்டுக்குக் கீழே

"பொட்டப்புள்ள படிச்சு, ஜுரம் பாக்கற கண்ணாடியில இன்னாத்தக் கண்டுபிடிக்கப் போவுது?"

கையில் தெர்மாமீட்டரோடு நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை இப்படித்தான் வரவேற்றாள். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அத்தைக்கு அதிலேயே பாதி வருத்தம்.

மீதி வருத்தம் அம்மா. அரிசி புடைத்துக்கொண்டே தூங்கிவிடுவாள். பேச்சு ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வரும். முகம் ஊதியிருக்கும், சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வரும். சோம்பேறி என்பது அத்தையின் தீர்ப்பு. இவளை இவளுடைய அண்ணன் வீட்டுக்கே அனுப்பிவிடு என்று அப்பாவிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள். அப்பா மறுத்துப் பேசவில்லை. அது என் காதில் விழுந்துவிட்டது.

அன்று அம்மாவின் கட்டிப்போன குரலுக்கு மருந்து வாங்கத்தான் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். டாக்டரம்மா எதைக் கேட்டாலும் அம்மா ஒன்றுமில்லை என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்துவது முதல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி உண்டு, அது மந்தமானால் ஆளே மந்தமாகி உடம்புச் சூடும் குறையலாம் என்றார். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் அக்குளில் வைத்துப் பார்க்கச் சொல்லி தெர்மாமீட்டரைக் கொடுத்தார். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டுமே.

பாதரசம் தினமும், சாதாரண உடம்புச் சூட்டைக் குறிக்கும் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழேயே நின்றது. ஜுரமே இல்லாதவளுக்கு என்ன வியாதி என்று அத்தை தெருவெல்லாம் கேட்டாள். தெருவும் அதை ஒப்புக்கொண்டது.

ஒரு நாள் காலை பாதரசம் சரியாகக் கோட்டில் போய் நின்றது. அத்தை முகம் மலர்ந்தது. நான் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. போர்வையை விலக்கினால் உள்ளே ஆவி பறக்கும் காபி டம்ளர்.

"நீ கிளாஸ்ல மார்க் வாங்குற. நானும் அந்தக் கோட்டைத் தொட்டா உனக்குப் பெருமைதானே, கண்ணு."

இந்தப் பரீட்சையில் ஃபெயிலானால்தான் நாம் ஜெயிப்போம் என்று அவளுக்கு விளங்கவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மறுநாளிலிருந்து அவள் கண் விழிக்குமுன்பே பக்கத்தில் போய்க் காவலுக்கு உட்கார்ந்தேன்.

எல்லா அளவுகளையும் டாக்டரம்மா முன் வாய்ப்பாடு போல ஒப்பித்தேன். இதை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உடம்பு எந்த வேகத்தில் வேலை செய்கிறது என்று தெரிய, அங்கே மூச்சை அளந்து பார்த்தார்கள். அதுவும் தைராய்டையே காட்டியது.

"சோம்பேறித்தனம் இல்லம்மா, இது வியாதி," என்று சொல்லி டாக்டரம்மா மாத்திரை எழுதினார்.

சில மாதங்களில் அம்மா தண்ணீர்க் குழாயடியில் அத்தையோடு மல்லுக்கு நின்றாள். சொற்கள் சரசரவென்று வந்தன. அத்தை பாதிக் குடத்தோடு வீடு திரும்பினாள். எனக்குப் பள்ளியில் முதல் பரிசு வாங்கினது போலிருந்தது. அண்ணன் வீட்டுப் பேச்சு அதன்பின் எழவில்லை.

ஒன்று மட்டும் அப்போது விளங்கவில்லை. வியாதி என்று கேட்டதும் அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து, மாத்திரை இருக்கிறதே என்று நான் தேற்றினேன். சோம்பேறி என்று அத்தை சொன்னதை இத்தனை வருஷமும் அம்மாவே நம்பியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

போன திங்கட்கிழமை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். வாசல்வரை அம்மா கூட வந்தாள். அவள் நடைக்கு ஈடுகொடுக்க நான்தான் ஓடவேண்டியிருந்தது.