ஏரிப் பக்கத்து ஆணி

ஹெல்விக்குக் கை சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். தேவாலயத்தில் முன்வரிசைக்காரரின் கோட்டுக் காலரை மடித்துவிடுவாள், பிரசங்கம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தே ஆயுசைக் கழித்தவள், கல்யாணம் ஆகாதவள். அம்மா போனபின் தம்பி ரெய்னோவைத் தூக்கி வளர்த்தது அவள்தான். யாராவது கேலி செய்தால், "நான் செஞ்சுட்டுப் போறேன், உங்களுக்கெங்க நோகுது?" என்பாள்.

ஜூலை பிறந்தால் சபை மொத்தமும் ஏரிக்கரைப் பூங்காவில் கூடாரம் அடித்துவிடும். பைன் மரங்களுக்கு நடுவே நீளமான சாப்பாட்டுக் கொட்டகை. கொஞ்சம் தள்ளி, தண்ணீர் திரும்பும் இடத்தில் ஆண்கள் கட்டைகளை அடுக்கிக் கட்டிய சவுனா. அமெரிக்காவில் மிச்சிகனின் இந்த வடகோடிக்கு வந்து சேர்ந்த ஃபின்லாந்துக்காரன் சோறு தண்ணி இல்லாமல்கூட இருந்துவிடுவான், அந்த நீராவிக் குளியல் இல்லாமல் இருக்கமாட்டான். உடம்பு சிவக்கச் சிவக்க உள்ளே உட்கார்ந்துவிட்டு அப்படியே ஓடிவந்து ஏரியில் விழுவார்கள். நடுக்கோடையிலும் பல்லைக் கிட்டவைக்கும் ஏரி அது.

இறங்குகிற இடத்தில் ஒரு பலகை நிற்கும். தாமிரச் சுரங்கத்தை மூடியபோது வாசல் காவலராக இருந்த உர்ஹோ தூக்கிக்கொண்டு வந்தது; உள்ளே இறங்கினவன் ஏறிவிட்டானா என்று அங்கே அதில்தான் பார்ப்பார்கள். இடப்பக்கம் 'கரை' என்றும் வலப்பக்கம் 'ஏரி' என்றும் எழுதி, இரண்டு பக்கமும் ஆணிகள். ஆளுக்கொரு பித்தளை வில்லை, பேர் பொறித்தது. தண்ணீரில் இறங்குமுன் வில்லையை ஏரிப் பக்கம் மாட்டவேண்டும், ஏறியதும் கரைப் பக்கம். ஏரிப் பக்கம் காலியானால்தான் உர்ஹோ சாப்பாட்டு மணி அடிப்பார். சுரங்கத்துச் சட்டம் இன்னொன்றும் உண்டு, அடுத்தவர் வில்லையை யாரும் தொடக்கூடாது. "பெத்த தாயா இருந்தாலும் தொடாத" என்று கிழவர் வருடா வருடம் ஓதுவார். குழந்தைகள் அவர் பின்னாலேயே நின்று அதை நடித்துக்காட்டும்.

ரெய்னோவுக்கு மட்டும் இது மண்டையில் ஏறாது. கரையேறி, வில்லையை மறந்து, சவுனாவில் போய் உட்கார்ந்துகொள்வான். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனைத் தேடும். பந்திக்கு முந்து என்பார்கள், அவன் பந்திக்கும் பிந்துகிறவன்.

அந்தச் சனிக்கிழமையும் அதே கூத்து. பால் ஊற்றிய மீன் சூப் கொதித்து இறங்கியாயிற்று. ஏலக்காய் ரொட்டி வெட்டியாயிற்று. ஈரத் தலையோடு எல்லோரும் வந்து உட்கார்ந்தாயிற்று.

"உர்ஹோண்ணே, மணி அடிக்க வேண்டியதுதானே?" என்றாள் ஹெல்வி.

"ஒன்னு நிக்குது."

"யாரோடது?"

"வேற யாரு? உன் தம்பி துரைதான். இரு, சவுனாவுல பாத்துட்டு வந்துடறேன்."

கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். ஹெல்வி பலகை முன்னால் நின்றாள். சூப்பில் ஆடை கட்டுகிறது. மரங்களுக்கு மேலே சவுனாப் புகை தெரிந்தது. உள்ளேதான் கிடப்பான் தடியன் என்று நினைத்தாள். நினைத்தாளா, முடிவே கட்டிவிட்டாள். பாழாய்ப்போன கை நீண்டது. வில்லையை எடுத்து, கரைப் பக்கத்து ஆணியில் கோணாமல் மாட்டி, மணிக் கயிற்றை இழுத்தாள்.

பாதி வழியில் உர்ஹோ திரும்பிப் பார்த்தார். "வந்துட்டானா?"

"வந்துட்டான், வந்துட்டான். நீங்க வந்து உக்காருங்க."

ரெய்னோவின் மனைவி சைமா கேட்டாள். "அக்கா, அவருக்கு?"

"மூடி வெச்சிருக்கேன். சவுனாவுல வெந்துக்கிட்டிருக்கான். உருளைக்கிழங்கு மாதிரி வருவான், தோலை உரிச்சிக்க."

எல்லோரும் சிரித்தார்கள். சைமாவும் சிரித்தாள். சூப் தீர்ந்து, காபி வந்து, அதுவும் தீர்ந்தது. அப்புறம்தான் சைமா துண்டை எடுத்துக்கொண்டு சவுனாப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவன் சட்டை அவள் கையில் இருந்தது.

"உள்ள யாருமில்லக்கா."

கையோடு கை கோத்து, பெண்களும் ஆண்களும் ஒரே வரிசையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். காலால் துழாவித் துழாவி நடந்தார்கள். ஹெல்வி சமையல் துணியை இடுப்பில் கட்டியபடியே இறங்கினாள். நெஞ்சளவு ஆழத்தில் யாரோ, "இங்க" என்றார்.

வந்த டாக்டர், "குளிர்ல இதயம் நின்னிருக்கலாம். அப்பவே தூக்கியிருந்தா..." என்று இழுத்தார். பிறகு, "சொல்ல முடியாது" என்றார். விழுந்ததுமே செத்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம், தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாதாம்!

கூட்டம் உர்ஹோ மேல் பாய்ந்தது. பலகைக்குக் காவலிருந்து என்ன கிழித்தாய் என்று கேட்டது. கிழவர் தலையைக் குனிந்து அத்தனை பழியையும் ஏற்றுக்கொண்டார்.

"அவரை விடுங்க. வில்லையை மாத்தினது நான்" என்றாள் ஹெல்வி.

பாதிரியார் அவள் தோளைத் தட்டினார். "துக்கத்துல என்னென்னவோ தோணும்மா. ஜெபம் பண்ணு."

"நான்தாங்க மாத்தினேன்!"

அவள் ஒப்புக்கொண்டதை யாரும் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. நல்ல மனுஷர்கள் என்றால் இப்படித்தான் கழுத்தை அறுப்பார்கள். சைமா மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையோடு சரி. அடக்கத்தன்று பேசவில்லை. பனிக்காலம் முழுக்கப் பேசவில்லை. ஹெல்வி ரொட்டி சுட்டுக்கொண்டு போய் அவள் வாசலில் வைப்பாள். தட்டு கழுவித் துடைத்துத் திரும்பி வரும், ஒரு வார்த்தை வராது. திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை, மூஞ்சியில் காறித் துப்பினால் கோடி புண்ணியம் என்று அவள் கிடந்து தவித்தாள். சொந்த வீட்டுச் சுவரில் படம் கோணலாகத் தொங்கியது. அவள் கை அதன்பக்கம் போகவே இல்லை.

மறு ஜூலையில் அவள் முகாமுக்குப் போவதாகவே இல்லை. சைமாதான் வாசலில் வந்து நின்றாள்.

"பெட்டியைக் கட்டுங்க. ஆக்கிப்போட ஆள் வேணாமா?"

ஏரிக்கரையில் வண்டியை விட்டு இறங்கியதும் நேராகப் பலகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கைப்பையிலிருந்து ரெய்னோவின் வில்லையை எடுத்து, ஹெல்வியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"நீங்கதானே எடுத்தீங்க? நீங்களே மாட்டுங்க. இருந்த எடத்துல."

ஹெல்வி கையை நீட்டினாள். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் ஏரிப் பக்கத்து ஆணியில் வில்லை மாட்டிக்கொண்டது. கோணலாகத்தான் நின்றது. அவள் அதை நேராக்கவில்லை.

"எனக்கு உங்க மேல கோவந்தான்" என்றாள் சைமா. "சாகிறவரைக்கும் இருக்கும். ஆனா மாத்தினத நீங்க மறைக்கல. அன்னிக்கு அத்தனை பேர்ல நான் ஒருத்திதான் உங்கள நம்பினேன்."

மத்தியானம் சூப் இறங்கியது. ஈரத் தலைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தன. உர்ஹோ மணிக் கயிற்றைப் பிடித்தபடி பலகையைப் பார்த்தார்.

"ஒன்னு நிக்குது" என்று சொல்லிக் கயிற்றை விட்டுவிட்டார்.

மணி இல்லாமலே சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் அந்த முகாமில் மணி அடித்ததே இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் ஹெல்வி கூடாரம் கூடாரமாகப் போய்க் கூப்பிடுவாள். கடைசியில் சவுனாவரைக்கும் நடந்து, கதவைத் திறந்து, உள்ளே ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துவிட்டு வருவாள். பிறகுதான் பரிமாறுவாள்.