சாமியறைக்குப் போகவிருந்த மெழுகுதிரி

சூறாவளி அடித்து மூன்று மாதமாகியும் எங்கள் ஒழுங்கைத் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. கல்முனைக் கடைத்தெருவில் பல்பு எரியத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் சாய்ந்து கிடந்த கம்பங்களை நிமிர்த்த ஒருவரும் வரவில்லை. வாப்பாவின் இறைச்சிக் கடைக்குக் கூரை போயிருந்தது. கூரை இருந்திருந்தாலும் அறுக்க மாடில்லை. வரிப்பத்தான்சேனையிலிருந்து அவருக்கு மாடு கொண்டு வருகிறவர்கள், சூறாவளியில் செத்தது போக மிஞ்சியதை விற்க மனமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். உம்மாவும் எனக்கு மூத்தவளான ராத்தாவும் வார்த்து ஒழுங்கைக்குள் விற்ற மெழுகுதிரியில்தான் எங்கள் சோறு வெந்தது.

கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்த முதலாளி ஒருவர் அதைக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சில்லறையா வித்து என்னத்தக் காணப்போற? பெட்டிக் கணக்கில தா. சாமான் நல்லாரிந்தா மாசாமாசம் நான் எடுக்கிறன்.”

மாசாமாசம் என்ற சொல்லை வீட்டில் நான் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. உம்மாவுக்கு முதல் தரம் நம்பிக்கை வரவில்லை.

மாதிரிக்குக் கொடுத்த திரிகள் அவருடைய கடை வெக்கையில் ஒரு பகல் தாக்குப்பிடிக்கவில்லை. மறுநாள் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “தம்பி, இது மெழுகுதிரியா, இறாலா? வளைஞ்சி கிடக்கிறதப் பாரு. நிக்கிற சாமான் இரிந்தாக் கொண்டு வா, இல்லாட்டி விடு.”

எங்களுக்குக் கிடைத்த மெழுகு மலிவு மெழுகு. அதை இறுக்க வழி தேடினோம். உம்மாதான் வாப்பாவின் கொழுப்புத் தகரத்தை எடுத்து வந்தார். கடை நடந்த காலத்தில் வாப்பா மாட்டுக் கொழுப்பை உருக்கி அதில் ஊற்றி வைப்பார். வண்டில்காரர்கள் சக்கர அச்சுக்குப் பூச வாங்கிப் போவார்கள். உம்மா தகரத்தை என் முன்னால் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவன் நான் ஒருவன்தான். இரசாயனவியலும் சேர்த்துச் சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். கொழுப்பை ஆறவிட்டுச் சீலையில் கட்டிப் பிழிந்தால் எண்ணெய் வடிந்துவிடும், மிஞ்சுகிற கட்டிதான் மெழுகை இறுக்கும், பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்றேன். பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரிகள் நிமிர்ந்து நின்றன. ராத்தா ஒன்றை வெயிலில் வைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. நாலு பெட்டி நிரப்பி சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். முதலாளி பெருவிரலால் ஒன்றை வளைத்துப் பார்த்தார், வளையவில்லை. முதல் முறையாக எனக்கு இருக்க ஸ்டூல் தந்தார்.

“பாண்டிருப்பில கடை வச்சிரிக்கிற அண்ணன் ஒராள் நாளைக்கு வாறார். நாலு பெட்டியும் அவருக்குத்தான். தென்னையெல்லாம் விழுந்து தேங்காயெண்ணெய் எங்க இரிக்கி? சாமியறையிலயும் இப்ப மெழுகுதிரிதான். சிவராத்திரியும் வருகுது. இன்னும் வாருங்க, இன்னும் வாருங்க.”

அன்றிரவு சோற்றுக்கு முன்னால் இருந்தபடி இதை ஒன்றுவிடாமல் சொன்னேன். வாப்பா சிரித்தார், உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார். ராத்தாவின் கை சோற்றுக் கோப்பைக்குள் நின்றுவிட்டது.

“சாமியறையிலயா?”

அல்லாஹ்வின் பேரால் பிஸ்மி சொல்லி அறுத்த மாட்டின் கொழுப்பு அது. எங்கள் வீட்டில் அதைவிடச் சுத்தமான பொருள் கிடையாது. அது இன்னொரு வீட்டில் என்னவாகும் என்ற நினைப்பு எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் அதுவரை வரவில்லை.

“இதச் சொன்னா இனி ஆரு நம்மட சாமான எடுப்பா?” என்றார் உம்மா. “விலை காணாதெண்டு சொல்லி எடுத்திட்டு வா மனே. ஏனெண்டு சொல்லத் தேவையில்ல.”

வாப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். “பாண்டிருப்புச் சனம் என்ட கடையில இறைச்சி வாங்கிறல்ல. ஆனா சைக்கிள நிப்பாட்டிக் கதைச்சிட்டுத்தான் போறவங்க,” என்றார். “எடுத்திட்டு வா. என்னத்தச் சொல்ற எண்டத நீ பாத்துக்கொள்.”

விடிந்ததும் புறப்பட்டேன். கடற்கரை வீதியில் மணல் ஏறிக் கிடந்தது, சைக்கிளை இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. விலை காணாது என்ற பொய்யை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே தள்ளினேன். கடையை அடைந்தபோது பாண்டிருப்பு அண்ணன் வந்துவிட்டார். மூன்று பெட்டி அவருடைய சைக்கிளில் ஏறியிருந்தது. நாலாவதுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

“காக்கா, அந்தப் பெட்டியள நான் திருப்பி எடுக்கோணும்,” என்றேன் முதலாளியிடம். “விலை காணாது.”

“என்ன கதை இது? ஆரும் கூடச் சொல்லிற்றானா? நேத்து ஸ்டூல்ல இரிக்கக்குள்ள விலை கண்டிச்சே.”

பாண்டிருப்பு அண்ணன் கயிற்றை இழுத்து முடிந்தார். “தம்பிதானா வார்த்தது? நேற்றுப் பின்னேரம் இவர் ரெண்டு குடுத்து விட்டவர். அம்மா பிள்ளையார் படத்துக்கு முன்னால கொளுத்தினவ. ஆடாம அசையாம நிண்டு எரிஞ்சுது. காற் ரூபா கூடப் போனாலும் பரவாயில்ல, தாங்க.”

நான் பழகி வந்த பொய் அத்தோடு போய்விட்டது. கொழுப்பு என்று சொன்னேன். என்ன கொழுப்பு என்று அண்ணன் கேட்டார். அதையும் சொன்னேன்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். பிறகு போட்ட முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. நான் உதவிக்குப் போகக் காலெடுத்தேன், போகவில்லை.

“தெரிஞ்சு செய்யல்லத்தானே?” என்றார், கயிற்றைப் பார்த்தபடி.

“இல்லண்ணன். எங்களுக்கு அப்பிடியொரு யோசினையே வரல்ல.”

“வராதுதான்.” கடைசிப் பெட்டியையும் இறக்கி வைத்தார். “அம்மாட்ட சொல்லமாட்டன். அவ பட்டினி கிடந்துருவா. பிள்ளையாரோட நான் கதைச்சுக்கொள்ளுறன்.”

முதலாளி குரலைத் தாழ்த்தி என்னிடம், “சொல்லித் துலைச்சிட்டியேடா, இனி என்ட மற்றச் சாமானையும் மணந்து பாத்துத்தான் எடுப்பார்,” என்றார்.

அது அண்ணனுக்குக் கேட்டது. “மணந்து பாத்து என்ன? நேற்றும் மணக்கல்லத்தானே,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “கொழுப்புப் போடாம வார்க்க ஏலுமா?”

“ஏலும். கொஞ்சம் வளையும்.”

“சட்டி எத்தினை வச்சிருக்கிறீங்க?”

“ஒண்டுதான்.”

“வார்க்கிற அச்சு?”

“அதும் அதுதான்.”

கழுவித் தருகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். கழுவினால் போகிற காரியமில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“புதுச் சட்டி, புது அச்சு,” என்றார். “சிவராத்திரிக்கு முந்தி ஏலுமெண்டாச் சொல்லியனுப்புங்க. நானே வந்து எடுக்கிறன்.”

“எனக்கு இந்தத் தலையிடி வேணாம்,” என்றார் முதலாளி. “நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கொள்ளுங்க.” மாசாமாசம் அத்தோடு முடிந்தது.

மண்சட்டி அன்றைக்கே வாங்கினோம். அச்சுத்தான் இல்லை. தகரவேலைக்காரர்கள் எல்லாரும் ஊர்க் கூரைகளில் ஏறியிருந்தார்கள், துண்டுத் தகரம் கிடைக்கவில்லை. வாப்பா தன் கடையின் விழுந்த கூரையிலிருந்து ஒரு தகட்டை இழுத்துக்கொண்டு வந்தார். ராத்தா அதைப் பார்த்துச் சொன்னாள்: “வாப்பா, அதும் இறைச்சிக் கடைத் தகரம்.” அவர் அதை வந்த வழியே இழுத்துக்கொண்டு போனார்.

கடைசியில் ராத்தாதான் வீட்டு வளவுக்குள் இறங்கி, சூறாவளிக்குப் பிறகு முளைத்திருந்த பப்பாசி மரங்களில் இலைத்தண்டுகளை வெட்டினாள். உள்ளே குழாய்போல வெறுமை. நடுவில் திரிநூலை இழுத்துக் கட்டி, தண்டுகளை மணலில் நிறுத்தி மெழுகை ஊற்றினோம். சில கசிந்தன. சிலவற்றில் நூல் ஒருபக்கம் ஒதுங்கிவிட்டது. ஆறியதும் தண்டை உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் மெழுகுதிரி முறிந்துவிடும். என் கையில் முறிந்தது அதிகம், கடைசியில் உம்மா என்னை எழும்பச் சொல்லிவிட்டார். முயன்ற மட்டும் வார்த்தும் ஒரு பெட்டியும் இன்னொன்றில் பாதியும்தான் சேர்ந்தது.

சிவராத்திரிக்கு முதல்நாள் காலையில் அண்ணன் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் வாசல் கடப்படியில் ஒரு காலை ஊன்றி நின்றார். நான் பெட்டிகளைக் கொண்டுபோய்த் திறந்தேன். ஒரு மெழுகுதிரியை எடுத்து உருட்டிப் பார்த்தார். பச்சை படிந்திருந்தது, நெடுக வரி வரியாய் இருந்தது.

“இதென்ன அச்சு?”

“பப்பாசித் தண்டு.”

“கடையில ஆரும் கேட்டா என்ன சொல்லுற?”

“பப்பாசித் தண்டெண்டே சொல்லுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “இவ்வளவும்தானா?” என்றவர் என்னைத் தாண்டி வளவுக்குள் பார்த்தார். மண்சட்டி கிணற்றடியில், எங்கள் பாத்திரங்களுக்கு எட்டத்தில், ஒரு கல்லின்மேல் கவிழ்ந்து கிடந்தது. இறங்கிப் பெட்டிகளைக் கட்டினார். முடிந்ததும் கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். “அடுத்த மாசத்துக்கும் கொஞ்சம் வேணும்,” என்றார்.

உம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். “சட்டிய அவருக்கெண்டே தனிய வைக்கிறமெண்டு சொல்லு மனே.”

அவருக்கு அது கேட்டிருக்கும். ஆனாலும் நான் ஒருதரம் எடுத்துச் சொன்னேன். அவர் கதவைப் பார்த்து, “ஓம், நல்லது,” என்றுவிட்டு சைக்கிளைத் திருப்பினார்.