சேம்புச் செடிக்குப் போன தண்ணீர்

சிறுநீரகப் பாடத்தை என்னை விட நன்றாக நடத்த எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. ரொம்பப் பழைய காலம் ஒன்றும் இல்லை, போன வருஷம்தான். நினைத்தால் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போல வருகிறது.

சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். என் மகளும் அங்கேதான் ஒன்பதாம் வகுப்பு, அதுவும் என் வகுப்பிலேயே. சேர்த்த அன்றைக்கே அவளை நிறுத்தி வைத்துச் சொன்னேன்: "ஸ்கூலுக்குள்ள நான் ஒனக்கு டீச்சர், அம்மா கெடையாது. எந்தச் சலுகையும் எதிர்பாக்கக் கூடாது." அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை அளக்க முடியாது.

அந்த வருஷம் அவளுக்கு இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்தது. இரண்டாம் தடவை குளிர்காய்ச்சலோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கிட்னி வரைக்கும் போயிருக்கு. இப்படியே வந்துக்கிட்டு இருந்தா தழும்பு விழுந்திரும், பெறவு காலத்துக்கும் கஷ்டம். ஸ்கூல்ல ஒழுங்காத் தண்ணி குடிக்காளா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. யாரிடம் என்ன கேட்கிறார்? வருஷா வருஷம் கரும்பலகையில் அவரை விதை வடிவத்தில் சிறுநீரகம் வரைந்து, ரத்தத்தை அது எப்படி வடிகட்டுகிறது, தண்ணீர் குறைந்தால் எப்படி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது என்று தொண்டை வற்றக் கத்துகிறவள் நான்.

மறுநாளிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் இரண்டும் காலியாக வரும். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பேன், ஒரு சொட்டு இருக்காது. அப்படியிருந்தும் மூன்றாம் வாரம், "அம்மா, திரும்பவும் எரியுது" என்று வந்து நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்குத் தண்ணீர்க் கேன் போடுகிறவரைத் திட்டினேன். பாட்டிலை மாற்றினேன். டாக்டரையே மாற்றிப் பார்க்கலாமா என்றார் என் வீட்டுக்காரர். உள்ளுக்குள் பயம் பிடித்து ஆட்டியது. பிள்ளைக்கு உள்ளே என்ன ஆகிறது என்றே தெரியவில்லை.

இதற்கு நடுவே என் சேம்பு மட்டும் ஜோராக இருந்தது. பாடம் நடத்த ஆகுமே என்று வகுப்பறைக்குப் பின்னால், மதில் மூலையில் நான் நட்ட கிழங்கு அது. வாய்க்கால் ஓரத்தில் வளர வேண்டிய செடி, எங்கள் காய்ந்த மண்ணில் முறம் முறமாக இலை விட்டு நின்றது. "டீச்சருக்குக் கைராசி" என்று மற்ற டீச்சர்கள் சொன்னார்கள். நானும் வெட்கமில்லாமல் ஆமாம் என்றேன்.

ஒருநாள் காலை ஸ்பெஷல் கிளாஸில் பிள்ளைகளை அந்தச் செடியிடம் கூட்டிக்கொண்டு போனேன். செடி தன் கழிவை என்ன செய்கிறது என்பது பாடம். வேண்டாததைப் பழுத்த இலையோடு சேர்த்து உதிர்த்துவிடும் என்றேன். முருங்கை மரத்தில் பிசின் வடிவதைச் சொன்னேன். சேம்பை அரைவேக்காடாகத் தின்றால் தொண்டை அரிக்கிறதே, அது ஒதுக்கி வைத்த உப்பு ஊசி ஊசியாகப் படிந்திருப்பது என்றேன். "செடிக்கு ஒதுக்கி வைக்க எடம் இருக்கு. நமக்கு இல்ல. அன்னன்னைக்கு வெளிய போயாகணும். அடக்கி வச்சா சீக்குதான்." பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

இலை நுனிகளில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இது பனி இல்ல. வேருக்கு வேணுங்கிறதுக்கு மேல தண்ணி கெடச்சா, ராத்திரி மிச்சத்த இப்படி வெளிய தள்ளும்" என்று சொல்லி முடித்த பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. மழை பெய்து இரண்டு மாதம். மேல்காற்று மண்ணை வாரி அடிக்கிறது. அந்த மூலையில் குழாயும் கிடையாது. மிச்சத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

"யாருட்டி இதுக்குத் தண்ணி ஊத்துதது?" என்று கேட்டேன். என் மகள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் மணி அடித்ததும் பின்பக்கமாகப் போய் நின்றேன். முப்பது பிள்ளைகள் இருக்கும். பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் வரிசையாக வந்து பாட்டிலைத் திறந்து செடியில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். ஏழாவதாக என் மகள். இரண்டு பாட்டிலையும் ஊற்றி, உதறி, மூடியைப் போட்டாள்.

"ஏட்டி, என்ன செய்யுதீங்க எல்லாரும்?"

திருவேங்கடத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை ஒருத்தி, கொஞ்சம் தைரியக்காரி, சொன்னாள்: "அப்படியே கொண்டு போனா வீட்டுல ஏசுவாவ டீச்சர்."

"அப்ப குடிச்சுத் தொலைக்க வேண்டியதுதான?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்லா."

"வந்தா போ!"

"எங்கன போக டீச்சர்?"

பிள்ளைகளுக்கு உள்ள பழைய கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்றுக்குக் கதவே இல்லை. எனக்குத் தெரியாததா? புதுசாக ஒன்று டைல்ஸ் ஒட்டிக் கட்டியிருக்கிறது. அது திறப்புவிழா அன்றிலிருந்து பூட்டியே கிடக்கிறது. அதிகாரிகள் வந்தால் திறப்போம், காட்டுவோம், "நல்லா வச்சிருக்கீங்க" என்று அவர்கள் சொன்னதும் பூட்டிவிடுவோம். "தெறந்து விட்டா ஒரே வாரத்துல நாறடிச்சிருவாளுவ" என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்ன புண்ணியவதி நான்தான். சுகாதாரப் பொறுப்பு டீச்சர் என்று சாவியை என்னிடமே கொடுத்திருந்தார்கள்.

மற்றவர்கள் ஓடிய பிறகு மகளைப் பிடித்துக்கொண்டேன். "ஒனக்கு என்ன கேடு? டாக்டர் சொன்னது மறந்து போச்சா? என்கிட்டச் சொல்லியிருந்தா டீச்சர்ஸ் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேம்லா?"

அவள் அழவெல்லாம் இல்லை. "ஸ்கூல்ல நீங்க எனக்கு டீச்சர்தான்னு சொன்னீங்க. சாவியும் ஒங்க பையிலதான் இருக்கு" என்றாள்.

நாள் முழுக்க என் தோளில்தான் தொங்குகிறது அந்தப் பை. சிறுநீரகப் பாடம் நடத்தும்போதும் அது மேஜை மேல்தான் இருக்கும்.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தேன். நான் சொன்னபடியே ஒரே வாரத்தில் நாறியது. கூட்டிக் கழுவுகிற அக்கா என்னோடு சண்டைக்கு வந்தாள், நியாயமான சண்டை. தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை, மோட்டாருக்கு அலைந்தேன். இரண்டு டீச்சர்கள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். போகட்டும். கதவைப் பூட்டவில்லை.

மகளின் பாட்டில்கள் அப்போதும் காலியாகத்தான் வந்தன, இப்போதும் காலியாகத்தான் வருகின்றன. நான் அவற்றைக் கவிழ்த்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் நேராக மதில் மூலைக்குப் போவேன். முதலில் இலை நுனியில் சொட்டுவது நின்றது. பிறகு ஓரம் சுருண்டது. தண்டு ஒவ்வொன்றாகச் சாய்ந்தது.

"என்ன டீச்சர், ஒங்க கைராசிச் செடி காஞ்சு போச்சே, யாரையாவது தண்ணி ஊத்தச் சொல்லக் கூடாதா?" என்றார் தலைமையாசிரியை.

"யாரும் ஊத்த வேண்டாம் மேடம். காயட்டும்" என்றேன்.